பரஸ்தானம் வைத்த பை

என் பேத்தி மேற்படிப்புக்காக வெளிநாடு கிளம்பிய நாளில் நான் அவளுக்கு ஒரு துரோகம் செய்தேன். அவள் விமானத்தைத் தவறவிட வேண்டும் என்று நினைத்து, ஒரு பகல் முழுவதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதை அவளுடைய அப்பா அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை என்றுதான் தெரிகிறது. சொல்லியிருந்தால் என் மகன் தொலைபேசியில் இவ்வளவு அன்பாகப் பேசமாட்டான்.

நான் கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். படப்பையில் ஒரு மனைப்பிரிவில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறேன். மகன் ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்தான். இரண்டு வருடங்களுக்கு முன் அவனைக் கொரியாவில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். மருமகளும் கூடப் போனாள். பேத்தி அப்போதுதான் பதினொன்றாம் வகுப்புக்குப் போயிருந்தாள். சின்ன வயதிலிருந்து படித்த பள்ளியை விட்டு வரமாட்டேன் என்று என்னோடு தங்கிவிட்டாள். என் மனைவி அதற்கு முன்பே காலமாகியிருந்தாள். வீட்டில் நானும் அவளும்தான்.

அவள் படித்தது சர்வதேசப் பள்ளி. இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளை நடத்த வரும் கொரிய, ஜப்பானிய, ஜெர்மானிய அதிகாரிகளின் பிள்ளைகள் படிக்கிற இடம். ரேங்க் கிடையாது. பரீட்சைக்கு முதல் நாள்கூடப் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். இதெல்லாம் ஒரு படிப்பா என்று எனக்கு ஒரு இளக்காரம் இருந்தது. கடைசி வருடத்தில் ஒவ்வொரு மாணவரும் தானே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு நீண்ட கட்டுரை எழுத வேண்டும் என்றார்கள். ஒரு ஜப்பானியப் பையன் புற்றுநோய் மருந்தைப் பற்றி எழுதினான். இவள் எடுத்துக்கொண்டது கம்பெனி பஸ்களை. ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் இத்தனை பஸ்கள் ஒரகடம் சந்திப்பை எப்படி முட்டிக்கொள்ளாமல் கடக்கின்றன என்பதுதான் அவள் கேள்வி.

சனிக்கிழமை தவறாமல் ஒரு குடையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போய் மேம்பாலத்துக்குக் கீழே உட்கார்ந்துவிடுவாள். திரும்பி வரும்போது முகம் கருத்து, தலையெல்லாம் புழுதியாக இருக்கும்.

"பஸ்ஸை எண்றதுக்கா உங்கப்பன் இவ்ளோ ஃபீஸ் கட்றான்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எண்றதுக்கு இல்ல தாத்தா. போலீஸ் இல்லாதப்பகூட அது ஒழுங்கா நடக்குது. யாரோ ஒருத்தர் யோசிச்சு வெச்ச மாதிரி இருக்கு. அது யாருன்னு தேடறேன்."

"கண்டுபிடிச்சியா?"

"யாருமே இல்ல. டிரைவருங்களே பண்ணிக்கிறாங்க. எந்தக் கம்பெனி முதல்ல போகணும்னு லைட் அடிச்சு அடிச்சே முடிவாயிடுது. லேடீஸ் பஸ்ஸுக்கு எல்லாரும் வழி விடுவாங்க. எங்கயும் எழுதி வைக்கல."

அன்று நான் சிரித்தேன். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் அவளைப் போக்குவரத்துத் திட்டமிடல் படிக்கக் கூப்பிட்டது.

அந்த இரண்டு வருடங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நான் செய்தது புரியாது. அதற்கு முன் அவளோடு நான் பேசியதெல்லாம் 'நல்லாப் படிக்கிறியா' என்ற அளவுதான். பெற்ற மகனிடமும் நான் அப்படித்தான் இருந்தேன். அவள் என்னோடு தங்கிய பிறகு சாயங்காலம் என்று ஒன்று எனக்குப் புதிதாக உண்டானது. பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கி வருவாள். இரண்டு பேருக்கும் எலுமிச்சை டீ போடுவாள். அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள் என்று கொரியக்காரப் பெண் மாதிரியும் ஜெர்மன் வாத்தியார் மாதிரியும் பேசிக் காட்டுவாள். ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் கொரிய மளிகைக் கடையில் கிம்ச்சி என்ற முட்டைக்கோஸ் ஊறுகாய் வாங்கி வந்து, தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளப் பழக்கிவிட்டாள். எழுபத்தைந்து வயதுக்கு மேல் எனக்கு ஊறுகாய் மாறியது. பகலெல்லாம் நான் நான்கு மணிக்காகக் காத்திருந்தேன் என்பது அவள் போகிற மாதம் நெருங்கியபோதுதான் எனக்கே தெரிந்தது.

விமானம் சனிக்கிழமை இரவு. மருமகள் கொரியாவிலிருந்து நேரே நெதர்லாந்துக்குப் போய் அவளைக் கல்லூரியில் சேர்ப்பதாக ஏற்பாடு. அந்த சனிக்கிழமை பஞ்சாங்கப்படி பயணத்துக்கு ஆகாத நாள் என்று நான் சொன்னேன். வியாழக்கிழமை காலை நல்ல வேளை, பரஸ்தானம் வைத்துவிடலாம் என்றேன். எங்கள் பக்கத்துப் பழக்கம் அது. கிளம்ப வேண்டிய நாள் சரியில்லையென்றால், அதற்கு முந்தைய நல்ல வேளையில் பயணத்துக்கான ஒரு பொருளை வேறு யார் வீட்டிலாவது கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அத்தோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. வைத்த பொருளைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. கிளம்பும்போது போகிற போக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாழ்நாளில் நான் பஞ்சாங்கம் பார்த்தவன் இல்லை. என் மனைவி ராகுகாலம் பார்த்தபோதெல்லாம் கேலி செய்தவன். பேத்திக்கும் அது தெரியும்.

"தாத்தா, கெமிஸ்ட்ரியில பரஸ்தானம் எந்த சாப்டர்ல வருது?" என்றாள்.

"பெரியவங்க சொன்னா செய்யேன். என்ன குறைஞ்சு போகுது?"

"சரி சரி. என்ன வைக்கணும்?"

"எது இல்லாம பயணமே கிடையாதோ அதை வைக்கணும்."

அவள் சிரித்துக்கொண்டே பாஸ்போர்ட்டையும் சேர்க்கைக் காகிதங்களையும் தோள்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். அப்போதே எனக்கு உள்நோக்கம் இருந்ததா என்று பல முறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். இல்லை என்று சத்தியம் செய்ய முடியவில்லை.

எதிர்வீட்டு மாடியில் தெற்கத்திப் பெண்கள் மூன்று பேர் வாடகைக்கு இருந்தார்கள். வல்லம் வடகாலில் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. மூவரும் என் பேத்திக்கு அக்காமார்கள். வியாழன் காலை அவர்கள் நைட் ஷிஃப்ட் முடித்து வந்திருந்தார்கள். பையை வாங்கிக்கொண்டுபோய் அலமாரி மேல் வைத்தார்கள். "ஃபாரின் பை வந்திருக்கு, எல்லாரும் தள்ளி உக்காருங்கட்டி" என்று ஒருத்தி சொல்ல, மூன்று பேரும் சிரித்தது கீழே நின்ற எனக்குக் கேட்டது.

சனிக்கிழமை விடியற்காலை நான் பால் பாக்கெட் எடுக்க வெளியே வந்தேன். அந்த மூவரில் தென்காசிப் பெண் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பாக்ஸ். என்னைப் பார்த்ததும் தெருவைக் கடந்து வந்தாள்.

"தாத்தா, பைய இப்பமே எடுத்துக்கிடுதியளா? இவளுவ ரெண்டு பேரும் ஊர்க் கோயில் கொடைக்குப் போயிட்டாளுவ. எனக்கு இன்னைக்கு ஓ.டி. வேற. நான் வாரதுக்கு ராத்திரி ஆயிரும்."

பேத்தி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். நான்கு மணிக்கு டாக்சி சொல்லியிருந்தோம்.

"வேணாம்மா. அவ கிளம்ப ரொம்ப நேரம் ஆகும். நீ வந்தப்புறம் எடுத்துக்கறோம்" என்றேன்.

"அப்பம் சாவியாவது வச்சிக்கிடுங்க. நான் வாரதுக்குப் பிந்திட்டுன்னா?"

"பரவாயில்லம்மா. நீ கிளம்பு, பஸ் வந்துடும்."

அவள் ஒரு கணம் தயங்கினாள். கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் ஓடினாள். சாவி அவள் கையிலேயே போயிற்று. நான் பாலை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து காய்ச்சினேன். கை நடுங்கவில்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

காலை முழுவதும் பேத்தி வீட்டுக்குள் நடந்தபடி இருந்தாள். என் மாத்திரைகளைக் கிழமைவாரியாகப் பிரித்து வைத்தாள். கேஸ் சிலிண்டர் பதிவு செய்வது எப்படி என்று என் போனில் மறுபடியும் காட்டினாள். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. மதியம் அவளே சமைத்தாள். சாப்பிட்டு முடித்ததும், "பையை எடுத்துட்டு வந்து அவங்க வாசல்லயே வெச்சிடறேன், கடைசி நேரத்துல ஓட வேணாம்" என்று எதிர்வீட்டுப் படி ஏறினாள். பூட்டைப் பார்த்துவிட்டு மேலேயிருந்து என்னைப் பார்த்தாள்.

"யாருமே இல்ல தாத்தா."

"ஷிஃப்டுக்குப் போயிருப்பாங்க" என்றேன், யோசித்துச் சொல்வது போல.

போன் செய்தாள். அந்தக் கம்பெனியில் போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஊருக்குப் போன பெண்களில் ஒருத்தி எடுத்து, சாவி ஒன்றுதான் என்றும் அவள் இன்றைக்கு ஓ.டி. என்றும் சொன்னாள். வீட்டு உரிமையாளர் சென்னையில் இருப்பவர். அவரிடமும் மாற்றுச் சாவி இல்லை.

அப்போது நான் சொன்ன சொல்லையும் எழுதிவிடுகிறேன். "டிக்கெட்டை மாத்திக்கலாம்மா. ஒரு வாரம் கழிச்சுப் போனா காலேஜ் ஓடியா போகும்? இங்கயேகூட எவ்ளோ நல்ல காலேஜ் இருக்கு" என்றேன்.

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வயதில் நானாக இருந்தால் அந்தப் பூட்டை உதைத்திருப்பேன். படிக்கட்டிலேயே உட்கார்ந்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் விரல்களை மடக்கி நீட்டினாள்.

"பூட்டை உடைக்கலாம். ஆனா அது அவங்க ரூம். அவங்களைக் கேக்காம உடைக்கக் கூடாது. மொதல்ல கேட்டுப் பாப்போம். டாக்சியை இப்பவே வரச் சொல்றேன். நீங்களும் வாங்க."

பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வல்லம் வடகால் போனோம். படப்பையில் இத்தனை காலம் குடியிருந்தும் நான் அந்தத் தொழிற்பேட்டைக்குள் போனதே இல்லை. கம்பெனி பஸ் என்றால் எனக்குத் தெருவில் வழியை அடைக்கிற ஒரு தொல்லை. அவ்வளவுதான். நாங்கள் வாசலை அடைந்தபோது முதல் ஷிஃப்ட் விட்டிருந்தது. கதவுகள் வழியாகப் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எல்லோரும் இருபது வயதை ஒட்டியவர்கள். ஒரே நிறக் கோட்டு, ஒரே மாதிரி நடை. நான் கல்லூரியில் காலமெல்லாம் பார்த்த மாணவிகளை எல்லாம் சேர்த்தாலும் அந்தச் சில நிமிடங்களில் என்னைக் கடந்து போனவர்கள் அளவு இருக்கமாட்டார்கள். யாரும் யாரையும் இடிக்கவில்லை. பஸ்கள் வரிசையாக நின்றன. ஒன்று நிரம்பியதும் விளக்கை ஒரு முறை சிமிட்டிக் கிளம்பியது, அடுத்தது அந்த இடத்துக்கு நகர்ந்தது. எங்கோ ஒரு பெரிய மூச்சு இழுத்து விடுவது போல இருந்தது. மாதக்கணக்கில் வெயிலில் உட்கார்ந்து என் பேத்தி பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். நான் வாய் பிளந்து நின்றேன்.

காவலாளி கையை விரித்தார். "உள்ளலாம் சொல்ல முடியாதும்மா. ஓ.டி.ல இருக்கற பொண்ணை எங்கன்னு போய்த் தேடறது? எச்.ஆர்.க்கு மெயில் போடு."

அவள் அவரோடு வாதாடவில்லை. "இங்கயே இருங்க தாத்தா" என்று சொல்லிவிட்டு, பஸ்களின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஊர்ப் பெயர்களைப் படித்தபடி வேகமாக நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். ஒரு பஸ்ஸின் ஜன்னலிலிருந்து நரைத்த மீசைக்கார டிரைவர் ஒருவர் தலையை நீட்டினார்.

"ஏ, பஸ்ஸு எண்ற பாப்பா! இன்னா, இன்னும் எண்ணி முடிக்கலயா?"

"முடிச்சிட்டேண்ணா. இன்னிக்கு ராத்திரி ஃபிளைட். பாஸ்போர்ட் ஒரு ரூம்ல மாட்டிக்கிச்சு. சாவி வெச்சிருக்கற அக்கா உள்ள ஓ.டி.ல இருக்காங்க."

"அடிப் பாவி! பாஸ்போட்ட ரூம்ல வுட்டுட்டு பெட்டியத் தூக்கினு வந்துகீறியா?" அவர் என்னைப் பார்த்தார். "இது யாரு, உன் தாத்தாவா? பெருசு, பொண்ணை இப்படித்தான் அனுப்புவியா நீ?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அண்ணா, ஓ.டி. போடறவங்க எந்த பஸ்ல திரும்பிப் போவாங்கன்னு டிரான்ஸ்போர்ட்ல முன்னாடியே சொல்லியாகணும் இல்ல? படப்பை ஸ்டாப்புக்கு நாலஞ்சு பேருதான் இருப்பாங்க. அவங்க உள்ள எந்த லைன்ல வேலை பாக்கறாங்கன்னு டிரான்ஸ்போர்ட் சாருக்குத் தெரிஞ்சிருக்கும். டீ பிரேக்ல வெளிய அனுப்பச் சொன்னாப் போதும்."

டிரைவர் ஒரு நிமிடம் அவளையே பார்த்தார். "நம்ம ஆளுங்களுக்கே இது தோணாது. இரு" என்று இறங்கினார். அடுத்த பஸ்காரரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். "நம்ம எண்ற பாப்பாவுக்கு இன்னாமோ பிரச்சினையாம்" என்று செய்தி பஸ்ஸுக்கு பஸ் நகர்ந்து டிரான்ஸ்போர்ட் அலுவலகம்வரை போனது. வெயிலில் காய்ந்த அந்த மனிதர்கள் ஒவ்வொருவருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. ஒருவர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். இன்னொருவர், அவள் பனியில் வந்து உட்கார்ந்திருந்தபோது தான் கொடுத்த மஃப்ளரைத் திருப்பித் தரவில்லை என்று சண்டைக்கு வந்தார். டாக்சியில் இருந்த பெட்டியைத் திறந்து மஃப்ளரைக் காட்டி, "அங்க குளிரும்ணா, நானே எடுத்துட்டுப் போறேன்" என்றாள். "எட்த்துனு போ, எட்த்துனு போ" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் வீட்டில் டீ போட்டுக்கொண்டு இருந்த பெண்ணுக்கு இவ்வளவு பெரிய ஒரு ஊர் இருந்தது எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் வாசலில் தென்காசிப் பெண் ஓடி வந்தாள். தலையில் வெள்ளைத் தொப்பி, தாடைக்கு இறக்கிய முகக்கவசம். கம்பிக்கு வெளியே சாவியை நீட்டினாள்.

"ஏ, பிளேனுக்கு நேரமாச்சாமே! லைன் லீடர் வந்து சொன்னதும் எனக்கு உசுரே போயிட்டு." பிறகு என்னைப் பார்த்தாள். "என்ன தாத்தா நீங்க? காலையிலயே பைய எடுத்துக்கிடுங்கன்னு சொன்னேம்லா? சாவியையும் தாரேன்னு சொன்னேன். நீங்கதான் வேண்டாம்னிய."

என் பேத்தி திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் வருவதற்கு முன் எல்லாம் புரிந்துபோனது எனக்குத் தெரிந்தது. மறுப்பதற்கு ஒன்றும் இல்லை.

"தாத்தாவுக்கு நல்ல நேரம் பாக்கணும்ல அக்கா" என்றாள், சாவியை வாங்கிக்கொண்டு.

"நல்ல நேரம் பாத்துப் பாத்து பிளேன விட்டுராதிய! சாவிய மீட்டர் பொட்டி மேல வச்சிரு. போயிட்டு வா தாயி. அங்கயும் போயி பஸ்ஸ எண்ணு." கம்பி வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே மணி அடித்தது. ஓடிவிட்டாள்.

டாக்சி ஒரகடம் தாண்டியது. பிறகு நான்தான் ஆரம்பித்தேன். "நான் வேணும்னுதான் செஞ்சேன்" என்றேன். "நீ போகக் கூடாதுன்னு நெனச்சேன். பரஸ்தானத்துல எனக்கு நம்பிக்கை கிடையாது." இவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

அவள் வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள். "எங்க ஸ்கூல்ல ஒவ்வொரு ஜூனும் யாராவது போயிடுவாங்க தாத்தா. அவங்க அப்பாவுக்கு ப்ராஜெக்ட் முடிஞ்சிரும், டிக்கெட் போட்டுருவாங்க. ஆறாவதுல என்கூட இருந்தவங்க ஒருத்தர்கூட பன்னண்டாவதுல இல்ல. நான்தான் எப்பவும் கேட்டுக்கு இந்தப் பக்கம் நிப்பேன். நிக்கற ஆளுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இன்னிக்குத்தான் நான் மொத தடவை போற ஆளு."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஒவ்வொருத்தர்கிட்டயும் போகாதேன்னு கேப்பேன். சின்னப்ப அழுதுட்டுக் கேப்பேன். அப்புறம் சும்மாவே கேப்பேன். யாரும் இருந்ததில்ல. ஆனா இப்பவும் மெசேஜ் அனுப்பும்போது, நீ கேட்டியேன்னு சொல்வாங்க. நீங்க என்னைக் கேக்கவே இல்ல தாத்தா. பூட்டி வெச்சீங்க."

இத்தனை வருடம் படித்தும் படிப்பித்தும் எனக்கு அந்த ஒரு காரியம் தெரிந்திருக்கவில்லை. என் மகன் கொரியாவுக்குக் கிளம்பியபோதும் நான் அவனிடம் கேட்கவில்லை. அவன் பெட்டியின் சக்கரம் சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

"போகாம இருக்கறியா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"மாட்டேன் தாத்தா" என்றாள். அப்படிச் சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபம் இல்லை, சமாதானமும் இல்லை. இவ்வளவு தெளிவாக, இவ்வளவு அருகில் உட்கார்ந்து, யாரும் எனக்கு ஒன்றை மறுத்ததில்லை. எனக்கு வலித்தது. ஆனாலும் பதினெட்டு வயதில் இந்தத் தெளிவை இவள் எங்கிருந்து எடுத்தாள் என்ற திகைப்புத்தான் அந்த வலியைவிடப் பெரிதாக இருந்தது.

எதிர்வீட்டு வாசலில் டாக்சி நின்றது. அவள் இறங்கப் போனாள். நான் எடுத்து வருகிறேன் என்று கையை நீட்டினேன். அவள் யோசிக்கக்கூட இல்லை. சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன். பூட்டைத் திறந்தேன். மூன்று பாய்களைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அலமாரி மேல் அவள் பை. அந்தப் பெண்கள் அதற்குக் குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவும் சுற்றியிருந்தார்கள். பூ வாடியிருந்தது. அதை எடுக்காமல் அப்படியே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பூட்டிவிட்டு, சாவியை மீட்டர் பெட்டி மேல் வைத்துவிட்டு இறங்கினேன்.

பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். திறந்து பார்க்கவில்லை.

"ஒருதடவை பாத்துக்கோ" என்றேன்.

"இருக்கும் தாத்தா."

"இல்ல, பாரு. நான் சொல்றேன்ல, பாரு."

ஜிப்பைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து எனக்குக் காட்டினாள். "நேரா ஏர்போர்ட்டா சார்?" என்று டிரைவர் கேட்டார். நேராகத்தான், கொஞ்சம் வேகமாகப் போங்கள் என்று நான் சொன்னேன்.